உப்பு, சர்க்கரை, கருங்கல், தோல்: எந்தப் பிணைப்பு முதலில் விடுகிறது?

வாணியம்பாடியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது: "உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைகின்றன. அடுப்பில் வைத்தால் சர்க்கரை உருகுகிறது, உப்பு உருகுவதில்லை. இரும்புக் கம்பி வளைகிறது, கருங்கல் உடைகிறது. எங்கப்பா வேலை செய்கிற டேனரியில் (தோல் பதனிடும் ஆலை) குரோம் போட்ட தோல் கொதிக்கிற தண்ணீரில்கூடச் சுருங்குவதில்லை. எல்லாமே அணுக்கள் ஒட்டியிருப்பதுதானே? அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு என்று மூன்று சொல்லிக்கொடுத்தார்கள். எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

நல்ல கேள்வி. கடைசி வரியில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரே பிணைப்புதான் இருக்கும் என்ற நினைப்பிலிருந்து அது வருகிறது. நாம் கையில் எடுக்கிற பொருட்களில் பெரும்பாலானவற்றுக்குள் இரண்டு மூன்று வகைப் பிணைப்புகள் கலந்தேதான் கிடக்கும். சூடாக்கும்போதும் வளைக்கும்போதும் கரைக்கும்போதும் அவற்றில் எது முதலில் விட்டுக்கொடுக்கிறது என்று பாருங்கள். பொருளின் குணத்தை முடிவு செய்வது அதுதான். நான் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ரசாயன வேலையில் இருந்தவன். தோல் பற்றிய பகுதி கொஞ்சம் நீண்டுவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. எந்தப் பிணைப்பாக இருந்தாலும் உள்ளே வேலை செய்வது மின்விசைதான். அணுக்கரு நேர்மின், எலக்ட்ரான் எதிர்மின்; இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. எலக்ட்ரான்கள் எங்கே அதிக நேரம் இருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். ஓர் அணுவின் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டால் அயனிப் பிணைப்பு என்கிறோம். இரண்டு அணுக்களுக்கு நடுவே ஒரு ஜோடியாகத் தங்கினால் சகப்பிணைப்பு. எந்த அணுவுக்கும் சொந்தமில்லாமல் கட்டி முழுக்கப் பரவினால் உலோகப் பிணைப்பு. எலக்ட்ரான் ஜோடி என்ற எண்ணத்தை 1916இல் முன்வைத்தவர் கில்பர்ட் லூயிஸ். அப்படி ஒரு ஜோடி ஏன் இரண்டு அணுக்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பதற்குக் குவாண்டம் கணக்கு போட்டு முதலில் விடை சொன்னவர்கள் ஹைட்லரும் லண்டனும். 1927இல், ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு.

இனி உப்பு. "சோடியத்துக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க ஆசை, குளோரினுக்கு ஒன்றை வாங்க ஆசை, வெளிக்கூட்டில் இரண்டுக்கும் எட்டு எட்டு எலக்ட்ரான் ஆகிவிட்டன, முடிந்தது கதை" என்றுதான் நம் வகுப்பறைகளில் ஓடுகிறது. எனக்கு இந்தக் கதை பிடிப்பதே இல்லை. கணக்குப் போட்டால் அது நிற்காது. ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் அலகு) சோடியம் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோ ஜூல் செலவாகிறது. அதைக் குளோரின் வாங்கிக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349தான். கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் 147 கிலோ ஜூல் நஷ்டம். இதோடு திடச் சோடியத்தைத் தனித்தனி அணுவாக்க 107, குளோரின் மூலக்கூறைப் பிரிக்க 122. இத்தனை நஷ்டத்தையும் ஈடு கட்டுவது அடுத்து நடக்கும் ஒரே விஷயம்தான்: அந்த அயனிகள் எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. அப்போது வெளிவரும் படிகக்கூடு ஆற்றல் 787 கிலோ ஜூல். கழித்துப் பார்த்தால் 411 லாபம். ஆக சோடியத்துக்கு ஆசை ஒன்றும் கிடையாது. கூட்டமாக அடுக்கி வைத்தால்தான் பேரம் படிகிறது.

உப்பில் ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம். "இந்தச் சோடியம் இந்தக் குளோரினுடைய ஜோடி" என்று எதையும் காட்ட முடியாது. 1913இல் பிராக் என்ற அப்பாவும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு இதைக் கண்டுபிடித்தார்கள்; 1915இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியும் 1927இல் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கிலேய வேதியியலாளர் 'நேச்சர்' இதழில் கோபமாக எழுதினார்: உப்புக்கு மூலக்கூறே இல்லை, சதுரங்கக் கட்டம் மாதிரி அடுக்குதான் என்பது என்ன பைத்தியக்காரத்தனம் என்கிற தொனியில். வகுப்பில் இது உங்களுக்குப் புரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். ராயல் சொசைட்டி உறுப்பினருக்கே ஜீரணமாகவில்லை.

அடுப்பில் உப்பு ஏன் உருகவில்லை என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. உப்புக்குள் பலவீனமான இடம் என்று எதுவும் இல்லை. உருக வேண்டுமென்றால் அந்த அயனிப் பிடியே தளர வேண்டும், அதற்கு 801 டிகிரி வேண்டும். வீட்டு வாணலி அந்தச் சூட்டுக்குப் போகாது. கல்லுப்பை வெறும் வாணலியில் போட்டால் படபடவென்று வெடிக்குமே, அது உருகுவதற்கான முயற்சி இல்லை. கல்லுக்குள் அடைபட்ட கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி வெளியே வரும் சத்தம். இதே அடுக்கில் அயனிகளின் மின்சுமையை மட்டும் இரட்டிப்பாக்கினால் என்ன ஆகும்? மெக்னீசியம் ஆக்சைடு அப்படிப்பட்டது. உருகுநிலை 2,850 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. உலைக்குள் வைக்கிற சூடு தாங்கும் செங்கற்களை அதைக்கொண்டு செய்வது அதனால்தான்.

சர்க்கரை வேறு ஜாதி. 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் சேர்ந்து ஒரு மூலக்கூறு. உள்ளே முழுக்கச் சகப்பிணைப்பு, அது உப்பின் பிடிக்குச் சளைத்தது அல்ல. ஆனால் ஒரு மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறும் பிடித்துக்கொண்டிருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகளால். தண்ணீரில் ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே உள்ள சகப்பிணைப்பு மோலுக்கு 463 கிலோ ஜூல் என்றால், ஒரு தண்ணீர் மூலக்கூறு அடுத்ததைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு 20 அளவில்தான். அடுப்பில் வைத்தால் முதலில் விடுவது இந்தச் சின்னப் பிடி. சுமார் 186 டிகிரியில் சர்க்கரை பாகாகிறது. அப்போது மூலக்கூறு முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடவே, கொஞ்சம் அசந்தால் உடனே, பொன்னிறமாகும், வாசனை மாறும், கைப்பு ஏறும், கடைசியில் கரி. நிறம் மாறத் தொடங்கிய கணத்தில் சகப்பிணைப்பே உடையத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஆறவைத்தாலும் பழைய சர்க்கரை வராது. பாகு காய்ச்சுகிறவர்கள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடைவெளியைத்தான்.

கரைவதிலும் இதே வேறுபாடு. சர்க்கரை கரையும்போது மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிகிறது, மூலக்கூறு உடைவதில்லை. உப்பு கரையும்போது சோடியம் ஒரு பக்கம், குளோரைடு ஒரு பக்கம் என்று அயனிகளாகவே சிதறுகிறது. ஒவ்வோர் அயனியையும் தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. தண்ணீர் தருகிற இந்த ஆதரவு படிகக்கூடு ஆற்றலை ஏறக்குறைய முழுசாக ஈடு கட்டிவிடுவதால், 801 டிகிரி கேட்ட உப்பு சாதாரணத் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும், சர்க்கரைத் தண்ணீரில் பாயாது. பள்ளி ஆய்வகத்தில் ஒரு பேட்டரியும் பல்பும் வைத்துக் காட்டிவிடலாம்.

கற்பூரத்தையும் ஒரு வரி சேர்த்துக்கொள்வோம். அதுவும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்தான். ஆனால் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்க வசதியில்லாத மூலக்கூறு. எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே இருக்கும் லேசான ஈர்ப்பான வாண்டர் வால்ஸ் விசைதான் முக்கியப் பிடி. டப்பாவைத் திறந்து வைத்தால் திரவமாகாமலேயே மெல்லக் காணாமல் போகிறது. நெய் ஏலகிரிக் குளிரில் உறைவதும் கடலை எண்ணெய் உறையாமல் இருப்பதும்கூட இந்த விசையின் விளையாட்டுதான்: நெய்யில் நேரான கார்பன் சங்கிலிகள் அதிகம், நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், கடலை எண்ணெயில் இரட்டைப் பிணைப்பால் சங்கிலி மடங்கியிருக்கும், அடுக்கு சேராது.

கருங்கல்லும் இரும்பும். வேலூர்க் கோட்டை மதிலில் கை வைத்துப் பாருங்கள். அந்தக் கல்லில் பெரும்பகுதி சிலிக்கானும் ஆக்சிஜனும். ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனை நான்கு திசையில் பிடித்திருக்கிறது, அந்த ஆக்சிஜன் அடுத்த சிலிக்கானைப் பிடித்திருக்கிறது. இப்படியே கல் முழுக்க வலைப்பின்னல். பிணைப்புக்குத் திசை இருக்கிறது. ஒரு வரிசை அணுவை அடுத்த வரிசை மேல் நகர்த்த வேண்டுமென்றால் நடுவில் உள்ள பிணைப்புகளை எல்லாம் அறுக்க வேண்டும். அறுந்தால் அறுந்ததுதான். அதனால் கல் வளையாது. ஒரு விரிசல் தொடங்கினால் அதன் முனையில் விசை குவிந்து ஓடிக்கொண்டே போகும். கல் உடைக்கிறவர்கள் நேர்கோட்டில் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, ஒன்று மாற்றி ஒன்று தட்டுவார்கள். பெரிய பாறையும் போட்ட கோட்டிலேயே பிளக்கும். அதே கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியும் குதிரையும் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வளையவே மாட்டேன் என்கிற பொருளைப் பொடிப்பொடியாக உடைத்தே அந்த நெளிவெல்லாம் வந்திருக்கிறது.

இரும்பில், தங்கத்தில், செம்பில் கதை வேறு. வெளி எலக்ட்ரான்கள் கட்டி முழுக்கப் பரவியிருப்பதால், ஒரு வரிசை அணு நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போனாலும் பிடி விடுவதில்லை. புதிய இடத்திலும் அதே எலக்ட்ரான்கள் இருக்கின்றன. வரிசை முழுதும் ஒரே மூச்சில் நகர்வதும் இல்லை. அடுக்கில் இருக்கும் சின்னப் பிசகு ஒன்று படிப்படியாக ஊர்ந்து போகிறது என்று 1934இல் டெய்லர், ஓரோவான், பொலான்யி மூவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். திருமலைக்கோடி ஸ்ரீபுரம் பொற்கோயிலில் செம்புத் தகட்டின் மேல் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு கிராம் தங்கத்தை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அடித்தால் அரைச் சதுர மீட்டர் பரப்பு வரும். உப்பையோ கல்லையோ அப்படி அடித்துப் பாருங்கள், மாவுதான் மிஞ்சும்.

ஆனால் "உலோகம் என்றால் வளையும்" என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். வார்ப்பிரும்பு தோசைக்கல் கை தவறி விழுந்தால் இரண்டாகிவிடுகிறதே? இரும்பு அணுக்களின் பிணைப்பு அதிலும் அதேதான். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் உண்டு. அது பெரும்பாலும் கிராஃபைட் செதில்களாக இரும்புக்குள் கிடக்கிறது. கிராஃபைட்டில் ஒரே தளத்துக்குள் கார்பன்கள் 142 பிக்கோமீட்டர் தூரத்தில் இறுக்கிப் பிடித்திருக்கும். தளத்துக்கும் தளத்துக்கும் இடைவெளி 335, பிடியும் லேசு. விரிசல் அந்தச் செதில் வழியே ஓடிவிடுகிறது. பென்சில் காகிதத்தில் எழுதுவதும் அதே பலவீனத்தால்தான்.

வகை பிரிக்க, எலக்ட்ரான் கவர்தன்மை (ஓர் அணு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன்) வித்தியாசம் 1.7க்கு மேல் போனால் அயனி, கீழே வந்தால் சகப்பிணைப்பு என்று ஒரு விதி சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கவர்தன்மைக்கு எண் கொடுத்தவர் லைனஸ் பாலிங், 1932இல். சோடியம் 0.93, குளோரின் 3.16, வித்தியாசம் 2.23, சரி. சிலிக்கானும் ஆக்சிஜனும் 1.90, 3.44, வித்தியாசம் 1.54, அதாவது கருங்கல்லின் பிணைப்பு பாதி இப்படி, பாதி அப்படி. ஹைட்ரஜன் ஃபுளோரைடைப் பாருங்கள்: 3.98இலிருந்து 2.20ஐக் கழித்தால் 1.78. விதிப்படி அது அயனிச் சேர்மம், உப்பு மாதிரி கட்டியாக இருந்திருக்க வேண்டும். உண்மையில் அது 20 டிகிரியிலேயே கொதித்துவிடுகிற மூலக்கூறுப் பொருள். 1.7 என்பது வேலி இல்லை. பார்த்தவுடன் ஒரு குத்துமதிப்புக்கு வரலாம், அவ்வளவுதான்.

இப்போது அப்பாவின் டேனரிக்குள் போவோம். தோலின் உடல் கொலாஜென் என்ற புரதம். அதன் அமைப்பை 1954இல் உலகுக்குச் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரன், கூட இருந்தவர் கோபிநாத் கர்த்தா. மூன்று பிரி முறுக்கிய தேங்காய்நார்க் கயிறு போல மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றியிருக்கும். ஒவ்வொரு சங்கிலிக்கும் உள்ளே சகப்பிணைப்பு. மூன்றையும் சேர்த்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அடுத்தடுத்த கயிறுகளுக்கு நடுவே கொஞ்சம் சகப்பிணைப்பு, கொஞ்சம் அயனி ஈர்ப்பு, நிறையத் தண்ணீர். ஒரே பொருளில் எத்தனை பிணைப்பு பாருங்கள்.

பச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 65 டிகிரி பக்கத்தில் திடீரென்று சுருண்டு ரப்பராகிவிடும். விட்டது ஹைட்ரஜன் பிணைப்பு, முறுக்கு அவிழ்ந்துவிட்டது. இன்னும் மணிக்கணக்காகக் கொதிக்க விட்டால் சங்கிலிகள் தண்ணீருக்குள்ளேயே வந்துவிடும், அதுதான் ஜெலட்டின். ஆட்டுக்கால் பாயா ராத்திரி மிஞ்சினால் காலையில் குண்டானில் தளதளவென்று கட்டியாக நிற்குமே, அங்கே சங்கிலிகள் ஆறியதும் அங்கங்கே பழையபடி ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டிருக்கின்றன. சூடாக்கினால் மறுபடியும் விட்டுவிடும்.

தோல் பதனிடுவது என்றால் இந்த அமைப்புக்குள் புதுப் பிணைப்புகளை நுழைப்பதுதான். பழைய வட ஆற்காட்டு முறையில் ஆவாரம்பட்டை, கடுக்காய். இவற்றில் இருக்கும் டானின் மூலக்கூறுகள் பெரியவை. உடம்பெல்லாம் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைகள். ஒவ்வொரு கையும் கொலாஜெனை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிக்கும். ஒரு பிடி பலவீனம், நூறு பிடி பலம். சுருங்கும் வெப்பநிலை 75லிருந்து 85 டிகிரி வரை ஏறும். தோல் அழுகாது, கனமாக விறைப்பாக நிற்கும். ஆனால் கொதிநீருக்குத் தாங்காது, ஏனென்றால் போட்ட புதுப் பிணைப்பும் ஹைட்ரஜன் பிணைப்புதானே.

குரோம் முறையில் நுழைப்பது ஈதல் சகப்பிணைப்பு. கொலாஜென் சங்கிலியில் அங்கங்கே கார்பாக்சில் தொகுதிகள் (அமிலத் தன்மை கொண்ட கைகள்) நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரான் ஜோடியை மூன்று நேர்மின்சுமை கொண்ட குரோமியத்துக்குக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு குரோமியம் ஆறு திசையில் பிடிக்க வல்லது. டேனரியில் போடும் குரோம் உப்பான பேசிக் குரோம் சல்பேட்டில் இரண்டு மூன்று குரோமியம் சேர்ந்தே இருக்கும். அதனால் ஒரு சங்கிலியின் கார்பாக்சிலையும் பக்கத்துச் சங்கிலியின் கார்பாக்சிலையும் பாலம் போட்டுக் கட்டிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓடும்போது செய்கிற பி.எச். வேலை (பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்). குரோம் போடுவதற்கு முன் தோலைப் பிக்கிள் செய்வார்கள்: உப்பும் அமிலமும் போட்டு பி.எச்.சை 3க்கு அருகில் கொண்டுவருவது. அந்த அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜனை ஏற்றி மூடிக்கொள்ளும். குரோமியத்துக்குப் பிடிக்க இடம் கிடைக்காது. வேண்டுமென்றேதான் அப்படி. மேல்தோலிலேயே பிடித்துக்கொண்டால் நடுப்பகுதி வெள்ளையாகவே நின்றுவிடும். பிடிக்க இடம் இல்லாததால் குரோமியம் மெல்ல நடுவரை ஊறிப் போகிறது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக் குறுக்குவெட்டைப் பார்த்தால் நீலம் இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். சேர்ந்த பிறகு சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். பி.எச். 3.8, 4 என்று ஏறும், கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜனை விட்டுத் திறந்துகொள்ளும், குரோமியம் பிடித்துக்கொள்ளும். சோடாவை அவசரப்பட்டு ஒரே தடவையாகக் கொட்டினால் குரோமியம் ஹைட்ராக்சைடாகித் தோல்மேல் பச்சைத் திட்டு விழுந்துவிடும்.

முடிந்ததா இல்லையா என்பதற்குத்தான் பாயில் டெஸ்ட். ஒரு துண்டை வெட்டிக் காகிதத்தில் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்வார்கள். பிறகு கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து மறுபடி அதே கோட்டுக்குள் வைப்பார்கள். கோட்டை விட்டு உள்ளே வாங்கவில்லை என்றால் வெட் புளூ (குரோம் ஏறிய ஈர நீலத் தோல்) தயார். தம்பி, நீங்கள் பார்த்தது இதைத்தான். கொதிநீர் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஆட்டிப் பார்க்கிறது. குரோமியம் போட்ட பாலம் சங்கிலிகளை அவிழ விடுவதில்லை. சோடியம் குளோரைடைக் கரைத்த அதே தண்ணீர் இந்தப் பிணைப்பைத் தொட முடிவதில்லை. குரோமியம் மூன்று நேர்மின்சுமை நிலையில் இருக்கும்போது தன்னோடு ஒட்டிய எதையும் மாற்றிக்கொள்ள மிகவும் நேரம் எடுக்கும் உலோகம். மெதுவாகப் பிடிக்கும், மெதுவாகவே விடும்.

சகப்பிணைப்பாலேயே பதனிடவும் முடியும். குளூட்டரால்டிஹைடு போட்டால் கொலாஜெனின் அமீன் தொகுதிகளை (நைட்ரஜன் கொண்ட கைகள்) நேரடியாகச் சகப்பிணைப்பால் கட்டிவிடும். கார் இருக்கைத் தோலுக்கு இது உண்டு. இதய அறுவைச் சிகிச்சையில் பன்றி வால்வையோ மாட்டின் இதய உறையையோ பொருத்துகிறார்களே, அதையும் இதே குளூட்டரால்டிஹைடில்தான் பதப்படுத்துகிறார்கள். வேதியியலுக்கு அதுவும் ஒரு டேனிங்தான்.

நம் ஊர்க்காரர்கள் குரோமியம் என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுவதற்குக் காரணம் உண்டு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு மலை போலக் கிடக்கிறது; அந்தப் பக்கம் நிலத்தடி நீர் மஞ்சளாக வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அது டேனரியில் போடும் நீலப் பச்சைக் குரோமியம் இல்லை. தனிமம் அதேதான், பிணைப்பு வேறு. அந்தக் கழிவில் குரோமியம் ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலையில், நான்கு ஆக்சிஜனோடு சகப்பிணைப்பால் கட்டப்பட்டு குரோமேட் அயனியாக இருக்கிறது. வடிவத்திலும் மின்சுமையிலும் அது சல்பேட் அயனியை ஒத்தது. நம் உடம்பின் செல்கள் சல்பேட்டை உள்ளே விடுகிற வாசல் வழியாக இதுவும் நுழைந்துவிடும். உள்ளே போய் எலக்ட்ரான்களைப் பிடுங்கி மூன்றாம் நிலைக்கு இறங்கும்போதுதான் டி.என்.ஏ.வுக்குச் சேதம். மூன்றாம் நிலைக் குரோமியத்துக்கு அந்த வாசல் திறப்பதில்லை. வழியில் எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் சுபாவம் அதற்கு. "குரோமியம் விஷமா?" என்று கேட்டால் எந்தப் பிணைப்பில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது.

அதற்காக டேனரிக் கழிவு சாது என்று சொல்லவில்லை. வழக்கமான முறையில் போட்ட குரோமில் மூன்றில் ஒரு பங்கு அளவு தோலில் ஏறாமல் தண்ணீரோடு போகும். ஆனால் அதைப் பிடிக்க வழி இருக்கிறது: சுண்ணாம்போ மெக்னீசியாவோ (மெக்னீசியம் ஆக்சைடு) போட்டு பி.எச்.சை 8, 9க்கு ஏற்றினால் குரோமியம் ஹைட்ராக்சைடாகி அடியில் உட்கார்ந்துவிடும். எடுத்து அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே விடலாம். பாலாற்றங்கரைக் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும்பங்கு வேறொன்றுக்கு. நாம் தொடங்கிய இடத்தில் இருந்த சாதாரண உப்புதான் அது. பச்சைத் தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, பிக்கிளில் போடும் உப்பு. சோடியத்தையும் குளோரைடையும் எதைப் போட்டும் மலிவாக உட்கார வைக்க முடியாது. அவற்றின் சேர்மங்களில் அநேகமாக எல்லாமே தண்ணீரில் கரைபவை. 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வேகம் பிடித்தன. அவற்றாலும் உயிரிக் கழிவையும் குரோமியத்தையும் நீக்க முடிந்ததே தவிர உப்பை நீக்க முடியவில்லை. கடைசியில் ஆர்.ஓ. வைத்து நல்ல தண்ணீரைப் பிழிந்தெடுத்து, மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கும் முறைக்குப் போனார்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2,260 கிலோ ஜூல் வேண்டும். அதில் பெரும்பகுதி போவது தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவே உள்ள அந்த 20 கிலோ ஜூல் ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுக்கத்தான். டேனரிக்காரர்கள் கரண்டு பில், விறகுச் செலவு என்று புலம்புவதை வேதியியலாகப் படித்தால் இப்படி வரும். வற்றவைத்து வருவதும் சுத்த உப்பு இல்லை. குளோரைடும் சல்பேட்டும் கலந்த அழுக்கு உப்பு, மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது.

பரீட்சைக்கு: உப்பு அயனி, சர்க்கரை சகப்பிணைப்பு, இரும்பு உலோகம் என்றே எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. சர்க்கரைக்கு மட்டும் "மூலக்கூறுகளுக்கு இடையே ஹைட்ரஜன் பிணைப்பு" என்று ஒரு வரி கூடச் சேர்த்துவிடுங்கள். கருங்கல்லுக்கு வைரத்தைப் போல வலைப்பின்னல் திண்மம் என்று எழுதலாம். தோல் உங்கள் பாடத்திட்டத்தில் வராது. அப்பாவிடம் சொல்லி ஒரு நாள் பாயில் டெஸ்ட் நடக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். குரோம் போட்ட துண்டோடு பச்சைத் தோல் துண்டு ஒன்றையும் அதே தண்ணீரில் போடச் சொல்லிப் பாருங்கள்.